நாலாவது டப்பா

சென்னையிலிருந்து வந்த அறிக்கையைத் தேவிப்பிரியா இரண்டு முறை படித்தாள். மாதப்பன், வயது நாற்பத்தெட்டு, இண்டூர். அவருடைய சளியில் வளர்ந்த காசநோய்க் கிருமி சாதாரண மாத்திரைகளுக்கே சாகிறது என்று அதில் இருந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் அவளுடைய ஆய்வகத்து இயந்திரம் இதற்கு நேர் எதிராகச் சொல்லியிருந்தது: முக்கியமான மருந்து இந்தக் கிருமியிடம் பலிக்காது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அதை நம்பி மாதப்பனுக்குக் கடுமையான மாத்திரைகளை ஆரம்பித்திருந்தார்கள். இப்போது பாதம் எரிகிறது என்று செருப்புக்கூடப் போட முடியாமல் அவர் தனி வார்டில் கிடந்தார்.

டாக்டர் சிவக்குமார் கோபப்படவில்லை. மெஷின் தப்பா, நீ தப்பா என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றாள். உள்ளுக்குள் தான்தான் என்று முடிவே கட்டியிருந்தாள். பதிவேட்டைப் பார்த்தாள், சளி டப்பாவில் ஒட்டிய எண்ணைப் பார்த்தாள், இயந்திரத்தில் ஏற்றிய வரிசையைப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. அன்று சோதித்தது மூன்றே டப்பா. மற்ற இரண்டில் கிருமியே இல்லை. தவறு தன்னுடையதாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. மருந்துக்கு மசியாத கிருமி அன்று இந்த ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் நெஞ்சில் இருந்திருக்கிறது. அவர் இப்போது எந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்?

மாதப்பனின் மனைவி குள்ளம்மாள் வார்டுக்கு வெளியே குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கொண்டுவந்த டப்பாவை முன்பு மூன்று தடவை திருப்பி அனுப்பியவள் தேவிப்பிரியா. இது எச்சில், சளி இல்லை, தண்ணியாக இருக்கிறது, காலையில் நெஞ்சிலிருந்து காறி எடுத்து வரச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினாள். நாலாவது டப்பா கெட்டியாக, மஞ்சளாக வந்தது. இதுதாங்க சளி என்று பாராட்டி வாங்கிக்கொண்டாள்.

அந்த நாலாவது டப்பாவைப் பற்றிக் கேட்டபோது குள்ளம்மாள் எதையும் மறைக்கவில்லை.

"மூணு தடவ தண்ணியா இருக்குன்னு திருப்பி வுட்டீங்க. சொசைட்டில பால திருப்பி வுட்டா என்ன செய்வோம்? பக்கத்து வூட்டுல ஒரு டம்ளர் கெட்டிப்பாலு வாங்கி ஊத்திக் கொண்டுட்டுப் போவோம். அதாட்டந்தான் சிஸ்டரு. பக்கத்து பெட்டுல சவுரியப்பண்ணன் இருந்தாரு. எங்கிட்டதான் இது கொட்டிக் கெடக்குதே, இந்தா தங்கச்சின்னு துப்பிக் குடுத்தாரு. நல்லாருக்குன்னு நீங்களே சொன்னீங்களே."

தேவிப்பிரியா தலையசைத்தாள். சென்னைக்குப் போனது, தனி வார்டுக்கு மாற்றிய அன்று உப்புநீர் ஆவி பிடிக்கவைத்து மாதப்பனிடமே எடுத்த சளி. அந்த ஆவியை முதல் டப்பாவைத் திருப்பிய அன்றே பிடிக்க வைத்திருக்கலாம். கருவி மாடியில்தான் இருந்தது. ஏறிப் போய் எடுத்துவர அவளுக்குத் தோன்றவில்லை. திருப்பி அனுப்புவது சுலபமாக இருந்தது.

சவுரியப்பனின் பெயர் பதிவேட்டில் மாதப்பன் பெயருக்கு இரண்டு வாரம் முன்னதாகவே இருந்தது. மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிந்தது. மருந்து பலிக்குமா என்ற கட்டத்தில் 'கார்ட்ரிட்ஜ் இருப்பு இல்லை' என்று அவளே எழுதியிருந்தாள். சளியை ஊற்றி இயந்திரத்தில் ஏற்றும் குப்பி அது. பிறகு கார்ட்ரிட்ஜ் வந்தது. நோய் தெரிந்தாயிற்று, மாத்திரை தொடங்கியாயிற்று என்று யாரும் அவரைத் திரும்பக் கேட்கவில்லை. சாதாரண மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சவுரியப்பன் வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. மதியம் அனுமதி கேட்டுத் தொப்பூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அவரிடம் என்ன சொல்வது என்று வரிசை போட்டாள். எந்த வரியும் நிற்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி ரோசம்மாள் மட்டும் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் உள்ளே போய் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்தாள்.

"மிச்ச மாத்திரைய திருப்பிக் குடுக்கணும்தானே? அவரு போயி இன்னியோட பதினோரு நாளாச்சு. அதுவரைக்கும் ஒரு நாளு வுடல பாப்பா. வேணும்னா எண்ணிப் பாத்துக்க."

பையில் காலி அட்டைகளையும் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து இருமினாள். நீண்ட இருமல்.

வீட்டில் உள்ளவர்களுக்குச் சும்மா ஒரு சோதனை என்று சொல்லிக் கூட்டிப் போய்விடலாம். அப்படிச் சொல்லத்தான் தேவிப்பிரியா வாயெடுத்தாள். ஆனால் நடந்ததைத்தான் சொன்னாள், டப்பாவிலிருந்து தொடங்கி, தன் கையெழுத்து வரை. ரோசம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்ல மாட்டாரு. குடுத்துட்டாரு. அந்தம்மாகிட்ட நாலு தடவ கேட்டீங்களே, இவருகிட்ட ஏன் கேக்கல?"

அந்த வாரம் கார்ட்ரிட்ஜ் வரவில்லை என்றாள் தேவிப்பிரியா. ரேஷனில் சர்க்கரை வரவில்லை என்பதுபோல் அது அவளுக்கே கேட்டது.

"வந்ததுக்கு அப்புறம்?"

நானும் கேட்கவில்லை, உங்கள் சளியையாவது இப்போதே பார்க்க வேண்டும் என்றாள் தேவிப்பிரியா.

"என்னையும் பாக்கணும்கற. சரி. ஆனா உங்கையில குடுக்க மாட்டேன். சேலத்துக்குப் போயிக்கறேன். அங்க காட்ட எழுதிக் குடு."

திண்ணமாகச் சொன்னாள். தேவிப்பிரியா தாளை முட்டியில் வைத்து எழுதினாள். கணவர் சவுரியப்பன், மருந்துக்கு மசியாத காசநோயால் இறந்தார். அவருடைய சளி வேறொருவர் பெயரில் சோதிக்கப்பட்டது. கீழே தன் பெயரையும் எழுதினாள்.

படித்துக் காட்டச் சொன்னாள் ரோசம்மாள். படித்தாள். கணவர் பெயரை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு தாளை வாங்கி மடித்து மாத்திரைப் பையில் போட்டுக்கொண்டு, மேலே கணவாய் ரோட்டில் வண்டி நிற்காது, கீழே போய்த்தான் பஸ் ஏற வேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.