ஓட்டலில் உறிஞ்சக் கூடாது

கல்யாணமான புதுசில் குன்னூர் ஓட்டல் ஒன்றில் வைத்துப் பாலாமணி ஒரு சபதம் எடுத்தாள். இனி இந்த மனுஷனோடு எந்த ஓட்டல் வாசப்படியையும் மிதிப்பதில்லை. எடுக்காமல் என்ன செய்வாள்? செல்லக்கண்ணு ஆசை ஆசையாகத் தக்காளி சூப் வாங்கிக் கொடுத்தான். கொடுத்தவன் தானும் சும்மா குடித்தானா? ஒரு கரண்டி மொண்டு, 'ஸ்ஸ்ர்ர்ர்ப்' என்று ஓட்டலே திரும்பிப் பார்க்கும்படி உறிஞ்சினான். வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினான். கண்ணை மூடினான். அதோடு விட்டானா, ஐயோ சாமி, குனிந்து காலடியில் எதையோ தேடினான். துப்புகிற வாளியை!

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. செல்லக்கண்ணு ஜெகதளா பக்கம் ஒரு டீ பேக்டரியில் டீ மேக்கர். தினமும் காலையில் வரிசையாகக் கப்புகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சி, ருசி பார்த்து, வாளியில் துப்பி, இது சரி, இது சொதப்பல் என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. வாய்க்குள் எது போனாலும் அந்தச் சத்தம் தானாக வந்துவிடும். ரசம், பாயசம், இருமல் மருந்து, எதுவும் தப்பாது. ஊட்டுக்குள் என்றால் சரி, சகித்துக்கொள்ளலாம். நாலு பேர் இருக்கிற இடத்தில்? பாலாமணி தன் சபதத்தை வருஷக்கணக்காகக் காப்பாற்றினாள்.

அப்புறம் கொரோனா வந்தது. செல்லக்கண்ணுவைப் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டு, போகிறபோது அவன் மூக்கையும் நாக்கையும் கையோடு கொண்டு போய்விட்டது. டீ மேக்கருக்கு மூக்கு இல்லையென்றால் என்ன இருக்கிறது? அரைத்த கொழுந்தில் பச்சை வாடை போய்ப் பழ வாசம் எழும்புகிற நேரம் பார்த்து, விறகுச் சூட்டில் உலர்த்துகிற டிரையருக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, மூக்குதான் சொல்லும்.

பேக்டரி முதலாளி மருதாசலம் நல்ல மனுஷன்தான். "லீவு எடுத்துக்க கண்ணு. ஆனா சீசன் தொடங்கிக் கொழுந்து கொட்ட ஆரம்பிச்சா நான் வேற ஆளத்தான் வெக்கோணும்" என்றார். அதுவரை பேக்டரியை அவரே பார்த்துக்கொண்டார்.

"வாசனையா எதையாவது மோந்துக்கிட்டே இருங்க, திரும்பி வரும்" என்றார் டாக்டர். பாலாமணி கிராம்பு, பெருங்காயம், எலுமிச்சை, கருவாடு என்று அடுப்படியையே அவன் மூக்குக்குக் கீழே கொண்டு போய் வைத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "ஒண்ணுந் தெரியல புள்ள."

டீயை மட்டும் அவன் தொடவேயில்லை. காலையில் வெறும் சுடுதண்ணி.

அது தாங்காமல்தான் அவள் யோசித்தாள். ஊட்டு வாசனையெல்லாம் பழகிப்போனது, மூக்கு அதைச் சட்டை செய்யவில்லை. புதுசு வேண்டும். "ஏனுங்க, சட்டையப் போடுங்க. ஊட்டிக்குப் போலாம். ஓட்டல்ல சாப்பிடறோம்."

செல்லக்கண்ணு அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீயா? ஓட்டலுக்கா?"

"ஆமா, நானேதான். ஒரு நெபந்தனை. இதுவரைக்கும் சாப்பிடாததத்தான் சாப்பிடோணும்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறினார்கள். முதலில் திபெத்துக்காரர்கள் நடத்துகிற சின்னக் கடையில் மோமோ. கொழுக்கட்டைக்குள் கறியை வைத்த மாதிரி இருந்தது, பாலாமணி ஒரு தட்டைத் தனியாகவே காலி பண்ணினாள். அடுத்த வாரம் பஞ்சாபி ஓட்டலில் ராஜ்மா. அதற்கடுத்து பீட்சா. அதன் சீஸ் நூல் நூலாக இழுத்துக்கொண்டு முகவாயில் ஒட்ட, அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக் குழந்தை கைதட்டியது. அவளுக்கு நன்றாக ருசி கண்டுவிட்டது. இத்தனை வருஷம் இதையெல்லாம் விட்டுவிட்டு உப்புமாவைக் கிண்டிக்கொண்டிருந்தேனே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவன் சத்தமே போடாமல் சாப்பிட்டான். சூப்பைக்கூடக் கலெக்டர் ஊட்டு மாப்பிள்ளை மாதிரி வாயை மூடிக் குடித்தான். வருஷக்கணக்காக அவள் வேண்டிக்கொண்ட அமைதி இதுதான். இப்போது அந்தச் சத்தம் ஒரு தடவையாவது வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிங்க இருக்குது?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு" என்பான். ஒரு நாள் அவள் ஆசைக்காக மறுபடியும் மோமோக் கடைக்குப் போனபோது, அந்தச் சிவப்புச் சட்னியை ஒரு கரண்டி அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாலாமணி துள்ளி எழுந்தாள். "தெரியுதுங்களா?"

"எரியுது. அவ்வளவுதான். ருசி இல்ல" என்று கண்ணைத் துடைத்தான். "இத்தன நாளும் உனக்காக நல்லாருக்குன்னு சொன்னேன் பாலா. நீ இவ்வளவு ஆசையாச் சாப்பிடற. எனக்கு எல்லாமே அட்டையத் திங்கற மாதிரிதான்."

பாலாமணி அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்பச் சரி, நான் சாப்பிட்டுச் சொல்றேன், நீங்க கேட்டுக்கங்க. அடுத்த வாரம் பெரிய ஓட்டலு." அதற்குள் ஜெகதளாவில் மழை பெய்து செடியெல்லாம் துளிர்விட ஆரம்பித்திருந்தது. சீசன் வாசலில் நின்றது.

அந்தப் பெரிய ஓட்டல் பழைய பங்களா. வெள்ளைத் துணி போட்ட மேஜை, முள்கரண்டி, மெல்லப் பேசுகிற ஜனங்கள். பக்கத்து மேஜையில் முத்துமாலை போட்ட ஒரு அம்மாள். சூப் வந்தது, தீர்ந்தது, காலிக் கிண்ணம் மேஜையிலேயே கிடந்தது. எலுமிச்சையும் வெண்ணெயும் ஊற்றின மீனைப் பாலாமணி கையாலேயே பிய்த்துச் சாப்பிட்டு, "நம்ம மீனு குளிச்சுப் பவுடர் போட்ட மாதிரி இருக்குதுங்க" என்று அவனுக்குச் சொன்னாள். கடைசியில் தனக்கென்று ஒரு டீ கேட்டாள், பால் இல்லாமல்.

கப்பு வந்தது. ஆவி பறந்தது. செல்லக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"வேண்டாம் புள்ள."

"ஏனுங்க?"

"மத்ததெல்லாம் தெரியலைன்னாப் பரவால்ல. இதும் தெரியலைன்னு ஆயிட்டா அப்புறம் நான் ஆரு?"

பாலாமணி கப்பை அவன் பக்கம் நகர்த்தினாள். "தெரியலைன்னா அடுத்த வாரம் வேற ஓட்டலு. நீங்க அப்பவும் எங்கூட்டுக்காரருதான். குடிங்க."

செல்லக்கண்ணு கரண்டியால் ஒரு வாய் மொண்டான்.

'ஸ்ஸ்ர்ர்ர்ர்ப்!'

அத்தனை மேஜையும் திரும்பியது. முத்துமாலை அம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். செல்லக்கண்ணு கண்ணை மூடி, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் புரட்டினான். புரட்டினவன் சட்டென்று நிறுத்தினான். பிறகு பரபரவென்று குனிந்து காலடியில் தேடினான்.

பாலாமணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. காலியான சூப்புக் கிண்ணத்தை இழுத்து அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். "இதுல துப்புங்க!"

துப்பினான். "புகை!" என்றான். "புகை வாடை அடிக்குது பாலா! டிரையர்ல எங்கியோ ஓட்டை, புகை உள்ள பூந்துருக்குது. கண்றாவி! படு கண்றாவியான டீ!" சொல்லிவிட்டு ஓவென்று அழுதான்.

சர்வர் ஓடி வந்தார். "சாரி சார், வேற டீ கொண்டு வரட்டுங்களா?"

"வேண்டாம். இதேதான் வேணும். என்ன தூளுங்க இது?"

சர்வர் உள்ளே போய்ப் பாக்கெட்டைக் கொண்டு வந்தார். ஊட்டியில் பாதி ஓட்டலுக்குத் தூள் போவது செல்லக்கண்ணு வேலை பார்த்த பேக்டரியிலிருந்துதான். பாக்கெட்டிலும் அதே பேர். தேதியைப் பார்த்தால், இவன் இல்லாத வாரங்களில் போட்ட தூள்.

செல்லக்கண்ணு மூக்கை உறிஞ்சிக்கொண்டே முதலாளிக்குப் போனைப் போட்டான். "அண்ணா, டிரையர் சூட்டுக் குழாயில ஓட்டை இருக்குது. நிறுத்திப் பாருங்க."

மருதாசலம் போட்ட சத்தம் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த பாலாமணிக்கே கேட்டது. "ரெண்டு வாரமா வாங்கறவங்க எல்லாரும் புகைங்கறாங்க, எங்கேன்னு தெரியாம நான் முழிச்சிட்டிருக்கேன்! உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊட்டில குடிச்சனுங்க."

"அடப்பாவி! மூக்கு வந்துருச்சா? காலைல வா. வந்து சேரு மொதல்ல!"

முத்துமாலை அம்மாள் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தாள். பாலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கூட்டுக்காரரு டீ மேக்கருங்க. அவங்க இப்பிடித்தான் குடிப்பாங்க."

சொல்லிவிட்டுக் கப்பைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கரண்டி மொண்டு, தன்னால் ஆன மட்டும் சத்தமாக உறிஞ்சினாள். டீ மூக்கில் ஏறிப் புரையேறிவிட்டது.

"மூச்ச உள்ளுக்கு இழுக்கோணும் புள்ள" என்று அவள் உச்சியில் தட்டினான் செல்லக்கண்ணு. "எங்க, இன்னொருக்கா."