பின்வரிசை நாற்காலி

டீச்சருக்கு வாய் சும்மா இருக்காது. மாமியார் பதினான்கு வருடமாகச் சொல்லிவரும் புகார் இது. கடல் தாண்டி வேலைக்குப் போனாலாவது மாறுவாள் என்று வீட்டில் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் மண் விழுந்து பதினோரு மாதம் ஆகிறது.

அவளுக்கு அங்கே வேலை இரண்டு. காலை எட்டு மணிக்கு ஒரு நாளிதழ் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்த அறையில், பன்னிரண்டு நிருபர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். மதியம் அந்த ஊர்ப் பள்ளிகளில் மொழிப்பாடம் நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி. இன்னும் பத்து நாளில் அவள் ஊர் திரும்புகிறாள். அதற்குள் அந்த ஊர் ஆசிரியர் ஒருவர் நிருபர்களின் வகுப்பை ஏற்றுக்கொண்டால் வகுப்பு நடக்கும். இல்லையென்றால் அறை மறுபடியும் காகிதக் கட்டுகளுக்கே போய்விடும்.

டீச்சர் தேர்ந்தெடுத்தது அக்காவை. உடன்பிறந்த அக்கா அல்ல, மதியப் பயிற்சிக்கு வருகிறவர்களில் ஒருவர். அவளைவிட எட்டு வயது மூத்தவர், இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். பாடத்தில் புலி. குரல்தான் முதல் வரிசையைத் தாண்டாது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்களாம். நிருபர்கள் அப்படியா? இரண்டாம் நாளே அவருக்கு 'ரகசியம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பயிற்சிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் பாடம் நடத்தும்போது பயிற்சி கொடுப்பவர் பின்வரிசையில் உட்கார வேண்டும். வகுப்பே கவிழ்ந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. அதை எழுதி அறைச் சுவரில் ஒட்டியவளும் டீச்சர்தான், தினமும் மீறுகிறவளும் டீச்சர்தான். அக்கா ஒரு சொல்லுக்குத் தயங்கினால் போதும், பின்னாலிருந்து அது பறந்துவரும். பன்னிரண்டு தலைகளும் திரும்பும். சாக்பீசும் கையுமாக அக்கா காத்து நிற்பார்.

"இன்னைக்காவது வாயை மூடிட்டு இருந்தியா?" என்று சாயங்காலம் போனில் கணவர் கேட்பார்.

"ரெண்டே ரெண்டு தடவைதான் பேசினேன்."

"நம்புற மாதிரி சொல்லு."

அந்தத் திங்கட்கிழமை டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. வேறு வழியில்லாமல் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைய பாடம் நடிப்புக்காக ஒரு செய்தியாளர் கூட்டம். அக்கா நகராட்சி அதிகாரியாக நடிக்க, நிருபர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வேண்டும். பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றப்போவதாக அக்கா அறிவித்தார். எந்த மாதம் என்றார்கள், சொன்னார். எத்தனை கடைகள் என்றார்கள், நாற்பத்தாறு என்றார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எரிச்சலோடு பதில் சொல்லும் அசல் அதிகாரியாகவே மாறிவிட்டார். குரல் கடைசி வரிசைவரை வந்தது. டீச்சர் குறிப்பேட்டில் 'பிரமாதம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

மறுநாள் அந்தப் பிரமாதம் நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் வந்திருந்தது. பஸ் ஸ்டாண்ட் மாறுகிறது, நாற்பத்தாறு கடைகள் காலி.

எழுதியவன் குற்றச் செய்திகளைப் பார்க்கும் நிருபன். எல்லோரும் அவனை 'கிரைம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவின் தம்பிக்கு நகராட்சியில் வேலை என்பது அவனுக்குத் தெரியும். பாடம் என்ற சாக்கில் அக்கா உண்மையைக் கசியவிட்டதாக முடிவுகட்டிவிட்டான். நகராட்சிக்கு போன் போட்டிருக்கிறான், யாரும் எடுக்கவில்லை. 'அதிகாரிகள் மறுக்கவில்லை' என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டான். ஒன்பது மணிக்குள் அலுவலக வாசலில் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

எடிட்டர் டீச்சர், அக்கா, கிரைம் மூவரையும் தன் அறைக்கு வரச்சொன்னார்.

"இங்கிலீஷ் சொல்லித்தரச் சொன்னேன். நீங்க என் பத்திரிகைக்கே கதை எழுதிக் குடுத்திருக்கீங்க," என்றார். "போதும். நாளையிலேர்ந்து வகுப்பு கிடையாது."

கிரைம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீச்சருக்குக் குரல் பாதி திரும்பியிருந்தது. பழியை முழுக்கத் தன் தலையில் போட்டுக்கொள்ளலாம், எப்படியும் ஊருக்குப் போகிறவள்தானே என்று நினைத்தாள்.

"சார், தப்பு என்னோடது. நான்தான்..."

அக்கா அவள் கையைத் தொட்டார். "டீச்சர், நீங்க பின்னால உட்காருங்க."

சுவரோரம் ஒரு நாற்காலி கிடந்தது. டீச்சர் போய் உட்கார்ந்தாள்.

"பாடம் நான் எழுதினது சார்," என்றார் அக்கா. "நிஜமா இருக்கிற பஸ் ஸ்டாண்டை எடுத்தது என் தப்பு. பேரே இல்லாத ஒரு ஊரை வெச்சிருக்கணும். ஆனா நேத்து இவங்க பத்தொன்பது கேள்வி கேட்டாங்க. 'உங்களுக்கு எப்படித் தெரியும், எங்க எழுதியிருக்கு, காட்டுங்க'ன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. அதை எந்த பாஷையிலயும் கேக்கணும். நானும் அதைச் சொல்லித்தரல."

அதோடு நின்றுவிட்டார். அடுத்த வாக்கியம் வரவில்லை. எடிட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சரின் நாக்கு நுனியில் நான்கு வாக்கியங்கள் தயாராக நின்றன. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். இப்படியே விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"திருத்தம் போடுங்க, அதுல என் பேரும் வரட்டும்," என்றார் அக்கா கடைசியில். "கீழ இருக்கிறவங்ககிட்ட நானே பேசுறேன். நாளைக்கு ஒரு நாள் வகுப்புல வந்து உட்காருங்க. பாத்துட்டு அப்புறம் மூடுங்க."

எடிட்டர் பதில் சொல்வதற்குள் அக்கா படியிறங்கிவிட்டார். டீச்சரும் கிரைமும் பின்னாலேயே ஓடினார்கள். அக்கா கடைசிப் படியில் நின்று பேச ஆரம்பித்தார். அவர் சொன்னது கேட்காததால் கூட்டம் ஒருவரையொருவர் அடக்கி, கிட்டே வந்தது.

"அந்த அதிகாரி நான்தாங்க. பாடத்துக்காக நடிச்சேன். பஸ் ஸ்டாண்ட் எங்கேயும் போகல. உங்களைப் பயமுறுத்தினதுக்கு மன்னிச்சுக்கங்க."

ஒரு தையல்காரர் மட்டும் விடவில்லை. "அது சரி, நாப்பத்தாறு கடைன்னு எப்படிப் போட்டீங்க? அங்க இருக்கிறதே முப்பத்தொண்ணுதான்."

அக்கா திரும்பி கிரைமைப் பார்த்தார், கூட்டமும் பார்த்தது. அவன் காது சிவந்துபோனது. முதலில் சிரித்தவர் தையல்காரர்தான், பிறகு கூட்டமே சிரித்தது.

மறுநாள் எட்டு மணிக்கு எடிட்டர் வந்து டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை பேரில்லாத ஊரில் ஓர் ஆஸ்பத்திரியை மூடப்போவதாக அக்கா அறிவித்தார். முதல் கை கிரைமுடையது. யார் சொன்னது என்றான், எங்கே எழுதியிருக்கிறது என்றான். அக்கா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை நீட்டினார். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் முத்திரை இல்லையே என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டான். வகுப்பு கைதட்டியது.

பதில் சொல்ல வந்த அக்கா ஒரு சொல்லுக்குத் தடுமாறினார். எடிட்டர் முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தார். டீச்சர் சுவரில் இருந்த சட்டத்தை விரலால் காட்டினாள். மனுஷன் வாயை மூடிக்கொண்டார். அக்கா ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு சொல்லைத் தானே பிடித்துவிட்டார். பன்னிரண்டு தலைகளில் ஒன்றுகூடப் பின்னால் திரும்பவில்லை. டீச்சருக்கு அது கொஞ்சம் வலித்தது. வலித்த இடத்திலேயே சந்தோஷமாகவும் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் எடிட்டர் நேராக அக்காவிடம் போனார். "டீச்சர் ஊருக்குப் போன பிறகும் எட்டு மணிதானே?"

"எட்டுதான் சார். லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன்," என்றார் அக்கா. பின்வரிசைவரை கேட்டது.

சாயங்காலம் போன் வந்தது.

"இன்னைக்கு எத்தனை தடவை பேசின?"

"ஒரு தடவைகூட இல்ல."

"தொண்டை இன்னும் சரியாகலையா?" என்றார் கணவர் கவலையாக.

"அது காலையிலேயே சரியாயிடுச்சுங்க," என்றாள் டீச்சர்.