மேல்வீட்டுச் சத்தம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கடவுள் மேல் ஆணையிட்டால் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை மேல் ஆணையிடலாம் என்றால் எனக்குப் பிள்ளை இல்லை. ஆகவே என் இரண்டு காதுகளின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். மேல்வீட்டின் தரைதான் என் வீட்டுக் கூரை. அங்கே ஒரு குண்டூசி விழுந்தால் அது வெள்ளியா இரும்பா என்பதை இங்கே படுத்தபடி சொல்லிவிடுவேன்.

அன்று காலை மேல்வீட்டு லிஃப்ட்காரி தன் தாயாரின் அறைக்கதவுக்கு முன்னால் தேநீர்க் கோப்பையோடு நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தப்புதாம்மா. என்னன்னு தெரியல, ஆனா தப்புதான். டீ ஆறுது பாரு."

உள்ளே தாயார் செத்துப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

லிஃப்ட்காரிக்கு அது தோன்றாததில் வியப்பில்லை. அந்த வீட்டில் கதவு சாத்தியிருப்பதும், கூப்பிட்டால் பதில் வராததும் காற்றடிப்பது போல, வெயிலடிப்பது போல. தாயார் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். எங்கள் தெருவில் பாதிப் பேர் இந்த உலகத்தில் முதலில் பார்த்த முகம் அவருடையதுதான். பார்த்த உடனே அழுகையை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவு கனிவான முகம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்த முகத்தையும் கழற்றி வாசலில் வைத்துவிடுவார்.

பிறகு பேச்சு நின்றுபோகும். சுவர்க்கடிகாரம் முள்ளைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நடக்கும். குழாய் சொட்டப் பார்த்து, யோசித்து, துளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை என்னாலேயே பொறுக்க முடியாமல் படியேறிப்போய்க் கதவைத் தட்டினேன். ஐந்து வயதுப் பெண் திறந்தாள்.

"கொஞ்சம் சத்தம் போடுங்கம்மா. இவ்வளவு அமைதியில எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "அம்மாவுக்கு இன்னிக்கு முடியல மாமா. நாளைக்குப் போடுறோம்."

அந்தப் பெண்தான் வளர்ந்து லிஃப்ட்காரி ஆனவள்.

தாயாருக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. பால் பொங்கினாலும் வரும், பொங்காவிட்டாலும் வரும். முதலில் மூக்கின் இரண்டு பக்கமும் வெளுக்கும், அப்புறம் கதவு சாத்திக்கொள்ளும். டாக்டரிடம் காட்டலாம் என்று ஒரே ஒரு முறை வாயைத் திறந்தவர் அவர் கணவர். திறந்த வாயோடு வெளியூர் வேலைக்குக் கிளம்பியவர், இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்.

மௌனம் உடையும் நாள் அதைவிட மோசம். தாயார் கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "எனக்கு முடியலடி, நான் எங்கயாவது போயிடறேன்" என்று அழுவார். பொய் அழுகை இல்லை. முதுகெலும்பிலிருந்து வரும் அழுகை. குழந்தை நாற்காலியை இழுக்காமல் தூக்கிக்கொண்டு வந்து வைத்து, அதில் ஏறி நின்று, தாயின் தலையைத் தடவும். "நான் இருக்கேன்லம்மா." அந்த வயதில் மற்றப் பிள்ளைகள் பல் விழுந்தால் தெருவுக்கே காட்டுவார்கள். இவள் தன் முதல் பல் விழுந்ததை வீட்டில் சொல்லவில்லை. அன்று கதவு சாத்தியிருந்தது. விழுங்கிவிட்டாள்.

ஆனால் காது நன்றாக வளர்ந்தது. கரண்டி வைக்கும் ஓசையில் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று கணித்துவிடுவாள். பெரியவள் ஆனதும் அந்தக் காதே சோறு போட்டது. உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பெட்டியைத் திறப்பதற்கு முன் கதவில் காதை வைப்பாள். ஒரு முறை பஸ்ஸில் போகும்போது, சாலைக்கு எதிர்ப்பக்கக் கட்டிடத்தில் ஒரு கம்பிவடம் முனகுவதைக் கேட்டு, பாதியில் இறங்கிப்போய் லிஃப்டை நிறுத்தச் சொன்னாள். உள்ளே இருந்த மாப்பிள்ளைதான் பிறகு அவளைக் கட்டிக்கொண்டார். கப்பலில் சமையல்காரர். கரையைவிடக் கடலில் அதிகம் இருப்பவர்.

அந்தக் காதுதான் அன்றைக்கு அவள் காலை வாரிவிட்டது. கதவில் வைத்துக் கேட்டாள். மூச்சே இல்லை. தாயாரின் மூச்சில் அவள் அறியாத வகை கிடையாது. கோப மூச்சு, களைத்த மூச்சு, தூங்குவது போல நடிக்கும் மூச்சு. மூச்சே இல்லாத வகை இதுதான் முதல் தடவை. வேறு வீடாக இருந்தால் கதவை உடைத்திருப்பார்கள். இவள், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கோபப்படும் அளவுக்கு நேற்று என்ன செய்தோம் என்று யோசித்தாள். ஜன்னலைச் சற்று வேகமாகச் சாத்தியது நினைவுக்கு வந்தது. கப்பலிலிருந்து புருஷன் பேசியபோது சிரித்ததும் வந்தது. அதுவாகத்தான் இருக்கும்.

கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். அவளுடைய ஆறு வயது மகள் மேஜையடியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளி விடுமுறை. ஆள் சிறுத்து இருப்பதால் சுண்டு என்று கூப்பிடுவார்கள்.

"பாட்டிக்குப் பெரிசா, சின்னதா?" என்று சுண்டு கிசுகிசுத்தாள்.

"பெரிசு."

"சரி" என்று சுண்டு தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து லிஃப்ட்காரி போய்ப் பார்த்தபோது கதவடியில் கோப்பை இல்லை. அவள் முகம் திருவிழாவாகிவிட்டது. ஓடிவந்தாள், அதாவது சத்தமில்லாமல் ஓடிவந்தாள்.

"எடுத்துக்கிட்டாங்கடி! டீயை எடுத்துக்கிட்டாங்க. பெரிசு இல்ல, சின்னதுதான்."

சுண்டு வலது கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஒரு காலைதான் லிஃப்ட்காரி வாழ்க்கையிலேயே பயமில்லாமல் இருந்த காலை என்று நினைக்கிறேன். வாய்க்குள்ளே பாட்டுப் பாடினாள். ரொட்டி சுட்டாள். மன்னிக்கப்பட்டவளுக்குப் பசி வரும், இரண்டு துண்டு கூடுதலாகவே தின்றாள். நண்பகலில் சாப்பாட்டுத் தட்டோடு போய், கூப்பிட்டு, பதில் வராமல், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அனுமதி இல்லாமல் அந்தக் கதவைத் தள்ளினாள். அது பூட்டியிருக்கவில்லை. எப்போதுமே பூட்டியிருந்ததில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். கைகழுவிக்கொண்டே கேட்டார்: "விடியறதுக்கு முன்னாலயே போயிட்டாங்க. நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"காலையிலேர்ந்து பேசிக்கிட்டுதான் இருந்தேன் டாக்டர்."

"யார்கிட்ட?"

அவள் துண்டை நீட்டினாள். அவர் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

மாலைக்குள் வீடு நிறைந்தது. நானும் மேலே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்கள், பிறந்தவர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். "எப்படிப்பட்ட மனுஷி! பூ மாதிரிப் பேசுவாங்க" என்றாள் ஒருத்தி. "என் பையனை விடிய விடியத் தோள்லயே வச்சிருந்தாங்க" என்றாள் இன்னொருத்தி. லிஃப்ட்காரி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள், வேற்றூர்க்காரர்கள் யாரையோ பற்றிப் பேசுவதைக் கேட்பது போல. அவளை யாரும் தோளில் வைத்துக்கொண்டதாக அவளுக்கு ஞாபகமில்லை. நாற்காலிகளை மட்டும் இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

செத்தவரின் தங்கை வந்தார். குண்டான பெண்மணி, அழும்போதே கணக்காகக் காரியமும் பார்ப்பவர்.

"ஏண்டி மரம் மாதிரி நிக்கிற? அழுடி. அழுதா என்ன, உங்கம்மா எழுந்து வந்து திட்டவா போறா?"

லிஃப்ட்காரி சட்டென்று கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்துவிடுவாரோ என்று உண்மையிலேயே பார்த்தாள்.

"விடு சித்தி. அப்புறம் அழுறேன்."

"அப்புறம்னா எப்ப? நேரம் குறிச்சு வச்சிருக்கியா?" என்று மூக்கைச் சிந்திய சித்தி, மூலையில் இருந்த சுண்டுவிடம் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். அவள் அதைப் பல்லால் கிழிக்கப் பார்த்தாள்.

"ரெண்டு கையும் எதுக்குடி வச்சிருக்க? அந்தக் கையில என்ன?"

சுண்டு கையை இறுக்கினாள். சித்தி பிடித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். உள்ளங்கையில் ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. நடுவே, இன்னும் குத்திக்கொண்டே, ஒரு கோப்பைச் சில்லு.

"ஐயோ, எப்படி ஆச்சு?"

"கால் இடிச்சு டீ உடைஞ்சிடுச்சு" என்றாள் சுண்டு. "பாட்டி ரூம் வாசல்ல."

லிஃப்ட்காரி மெதுவாக வந்து குனிந்தாள். "அப்போ... டீ?"

"பாவாடையால தொடச்சிட்டேன். சில்லெல்லாம் ஸ்கூல் பையில இருக்கு. பாட்டிக்குக் கேட்கல."

பாட்டிக்குக் கேட்டிருக்காது. சாலைக்கு எதிர்ப்பக்கம் கம்பிவடம் முனகுவதைக் கேட்டவளுக்கும் கேட்கவில்லை. அவள் காது முழுவதும் மூடிய ஒரு கதவின் மேலேயே ஒட்டிக்கிடந்தது.

"காலையிலேர்ந்து குத்திக்கிட்டா இருக்கு? ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

சுண்டு தன் தாயின் முகத்தைக் கவனமாகப் பார்த்துச் சொன்னாள்: "உன் மூக்கு வெளுத்திருந்துச்சு."

சித்தி லிஃப்ட்காரியின் மூக்கைப் பார்த்தார். பிறகு கட்டிலில் இருந்த மூக்கைப் பார்த்தார். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் அந்தப் பெண்மணி, பிஸ்கட் பொட்டலத்தைத் தானே பிரித்து, தானே ஒன்றைத் தின்றார்.

வண்டி வந்து தாயாரை ஏற்றிக்கொண்டு போனது. எல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். நானும் கீழே வந்து ஒரு தேநீர் போட்டுக்கொண்டு கூரைக்கு நேர்கீழே உட்கார்ந்தேன். இனி நடந்ததை ஓர் எழுத்துக்கூடக் கூட்டாமல் சொல்கிறேன்.

லிஃப்ட்காரி மகளின் கையைக் கழுவிக் கட்டுப்போட்டாள். பிறகு கூடத்தின் நடுவிலிருந்த மேஜையைத் தள்ளி இடம் பண்ணினாள்.

"சுண்டு, ஓடு."

"எங்கம்மா?"

"சும்மா. இங்கேர்ந்து அங்க. சத்தமா ஓடு."

சுண்டு ஓடினாள். நுனிக்காலில் ஓடினாள்.

"இன்னும் சத்தமா."

"இதுதாம்மா சத்தம்."

"இல்லடி, இப்படி" என்று லிஃப்ட்காரி குதிகாலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். என் கூரையிலிருந்து சுண்ணாம்புத்தூள் உதிர்ந்து கோப்பையில் விழுந்தது.

சுண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கட்டுப்போட்ட கையால் முகத்தை மறைத்தாள்.

"தப்புதாம்மா. என்னன்னு தெரியல, ஆனா தப்புதான்."

லிஃப்ட்காரியின் கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல வெகுநேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, முகத்தை மகள் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்து என் மூக்கைப் பாரு" என்றாள். "எவ்வளவு நேரம் வேணாலும் பாரு."

சுண்டு வரவில்லை. வெளிச்சம் குறைந்தது. என் தேநீர் ஆறி ஆடை கட்டியது. பிறகு கூரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு தூள் விழுந்தது. முன்னதைவிடச் சின்னது. ஒரு சிட்டிகைகூட இருக்காது. நான் கோப்பையை நகர்த்தவில்லை.

தறி ஆலையில் வேலை பார்த்த நாட்களிலேயே, இந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்பே, எனக்கு இரண்டு காதும் முழுச் செவிடு.