தங்கையின் விரல்கள்

பல்கலைக்கழகத்தில் எங்களை வேலைக்குத் தயார்செய்த லட்சணத்தைக் கேளுங்கள். பார்வையில்லாத மாணவர்களுக்கென்று ஒரு வேலைவாய்ப்பு வகுப்பு இருந்தது. நடத்திய மேடம் நல்லவர்தான், குறை சொல்ல மனசு வரவில்லை. கை குலுக்குவது எப்படி, நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது எப்படி, சிரித்த முகமாக இருப்பது எப்படி என்று ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். "எதிர்ல இருக்கறவங்க கண்ணைப் பாத்துப் பேசணும்" என்றார் ஒருநாள். "எங்க இருக்குன்னு சொல்லுங்க மேடம், பாத்துடறோம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டர்களும் ஓர் அறை நிறைய இருந்தன. பெரிய மனிதர்கள் யாராவது பார்வையிட வந்தால் அறையைத் திறப்பார்கள். எங்களுக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டுப் போட்டோ எடுப்பார்கள். அவர்கள் கார் கிளம்பியதும் பூட்டிவிடுவார்கள். கேட்டால், "பரீட்சை எழுதத்தான் ஆள் வச்சுக்க விடறோமே, அப்புறம் என்ன" என்பார்கள்.

எனக்கு எழுதியவள் என் தங்கை. பள்ளிக்கூடத்திலிருந்தே அவள்தான். பரீட்சை அறையில் எழுதுகிறவள் வாயைத் திறக்கக் கூடாது. அதனால் நான் ஒரு வாக்கியம் சொல்வேன், எழுதி முடித்ததும் விரலால் மேசையைத் தட்டுவாள், அடுத்ததைச் சொல்வேன். என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் அவள் படிப்பு பள்ளியோடு நின்றுபோனது. எனக்கு வேலை கிடைத்ததும் அவளைக் கல்லூரியில் சேர்ப்பேன் என்று அம்மாவிடம் வாய் நிறையச் சொல்லியிருந்தேன். அந்த வெறியில்தான் படித்தேன், முதல் வகுப்பும் வாங்கினேன்.

எங்களைப் போன்றவர்களையும் எடுப்போம் என்று வந்த கம்பெனி ஒன்றே ஒன்று. இன்சூரன்ஸ் கம்பெனி. புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. தேர்வு அவர்கள் அலுவலகத்தில். மேடம் ஃபோனில் கெஞ்சி, தங்கையையும் உள்ளே விடச் சொல்லியிருந்தார். கணவனை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு ஒவ்வொரு கவுண்ட்டராக அலைந்த ஒரு பெண்ணின் புகாரைக் கொடுத்தார்கள். தங்கை காதோரம் வாசித்தாள். நான் சொல்லச் சொல்ல கீபோர்டில் அடித்தாள், மேசையைத் தட்டினாள்.

மேலாளர் வந்து படித்துப் பார்த்தார். "இன்னிக்கு வந்ததுல இதுதாம்மா நல்லா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடம் சொல்லிக்கொடுத்தபடி கையை நீட்டினேன். யாரும் பிடிக்கவில்லை.

"தினமும் ரெண்டு பேரும் வருவீங்களா?"

"வருவோம் சார்."

"இருக்கறது ஒரு சீட்டும்மா. தனியா இந்த கம்ப்யூட்டர்ல உங்களால வேலை பாக்க முடியுமா?"

"கத்துக்கறேன் சார். வாசிச்சுக் காட்டற சாஃப்ட்வேர் இருக்கு."

"யுனிவர்சிட்டில சொல்லிக்குடுக்கலையா?"

என்ன சொல்வது? ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கத் தெரியும் என்றா? அவர் குரல் என் பக்கமிருந்து திரும்பியது.

"நீ என்னம்மா படிச்சிருக்க?"

"ஸ்கூல் முடிச்சிருக்கேன் சார்" என்றாள் தங்கை.

"நல்ல வேகமா அடிக்கிற. நீ வர்றியா?"

வீட்டில் அவள் மாட்டவே மாட்டேன் என்று அழுதாள். "போடி. வீடு தேடி வந்த வேலைய விட நாம என்ன ஜமீனா?" என்று திட்டி நான்தான் அனுப்பினேன். வயிறு எரிந்தது. எரியவில்லை என்று யார் சொன்னாலும் அது பொய்.

அந்தக் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு ஓர் இடம் கொடுங்கள், கற்றுக்கொள்கிறேன் என்று மேடத்துக்கு ஃபோன் செய்தேன். "நீதான் படிச்சு முடிச்சுட்டியேம்மா. அது படிக்கறவங்களுக்கு" என்றார். வைக்கப்போனவர் சந்தோஷமாக இன்னொன்றும் சொன்னார். "நம்ம வகுப்பால ஒருத்தருக்கு வேலை கிடைச்சிருக்குன்னு மேலிடத்துல சொல்லிட்டேன். எப்படியும் உங்க வீட்டுக்குத்தானே வந்தது."

தங்கை வேலைக்குப் போனதும் என்னை வெளியே கூட்டிப்போக ஆளில்லை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன், கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. சாயங்காலம் அவள் வந்து, சாப்பிட்டு, என் பக்கத்தில் உட்காருவாள். "அக்கா, ஒரு புகார் வந்திருக்கு. எப்படிப் பதில் எழுதறதுன்னே தெரியலக்கா" என்று வாசிப்பாள். நான் சொல்வேன். எழுதிக்கொள்வாள்.

நேற்று வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலைய நிரந்தரமாக்கிட்டாங்கக்கா. பதில் எழுதறதுல உன்ன மாதிரி ஆள் இங்க இல்லன்னு சார் எல்லார் முன்னாடியும் சொன்னாரு."

"நல்லா இருடி" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவள் பையைத் திறந்தாள். அன்றைய புகாரை எடுத்து வாசித்தாள். நான் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். எழுதி முடித்து, மேசையைத் தட்டினாள்.