கம்பம் நாற்பத்தேழு

ஐஸ் பெட்டிக்காரர்கள் தங்கள் பெட்டியைச் சொருக வைஃபை பிளக்கைப் பிடுங்கிய பத்தாவது நிமிடத்தில் தேசப்பனின் கைபேசி அடிக்க ஆரம்பித்தது. தேசப்பன் எடுக்கவில்லை. விடிகாலையில் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டவர், அது ஆறுவதற்குள் போய்விட்டிருந்தார். இப்போது கண்ணாடி மூடிக்கு அடியில், புதிதாகச் சவரம் செய்த முகத்தோடு, யாரோ படம் பிடிக்கப்போவது போல நேராகப் படுத்திருந்தார்.

கைபேசி, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கௌரியம்மாளின் மடியில் இருந்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"பெரிப்பா, எங்க வூட்டுக் கேமரா ஆஃப்லைன்னு வருது. கொஞ்சம் இன்னான்னு பாக்கறீங்களா?"

எதிர்ச்சாரியில் மூன்றாம் வீட்டு திலீப். குவைத்தில் வேலை.

"பெரிப்பா இல்லப்பா. காத்தால போய்ட்டாரு."

"எங்க போய்ட்டாரு?"

கௌரி கொஞ்சம் யோசித்தாள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "பெட்டில வச்சிகீறோம்பா" என்றாள்.

அவள் கைபேசியை இறக்கி மடியில் வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. ஓசூரிலிருந்து. அப்புறம் அம்பத்தூர். அப்புறம் பெயர் தெரியாத ஒரு வெளிநாட்டு எண். எல்லாமே கேமராவில் ஆரம்பித்து மௌனத்தில் முடிந்தன. சாவுச் செய்தி சொல்லியனுப்ப ஆள் தேடும் வேலையே இல்லாமல் போயிற்று.

"செத்த வூட்ல இன்னா கேமரா? அந்த ஃபோன மொதல்ல நிறுத்து" என்றார் துளசிங்கம். தேசப்பனின் அண்ணன். கனகம்மாசத்திரத்தில் நிலம், மோட்டார் கொட்டகை, நான்கு மாடு என்று கௌரவமாக வாழ்கிறவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தம்பியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ரிட்டைர் ஆயி ஆறு வருசம். நெலத்த வந்து பாருடான்னேன். கேட்டாத்தானே? ஏணியத் தூக்கினு தெருவச் சுத்திகினு இருந்தான்."

ஆறு வருஷமாக அவர் சொல்லி வந்ததுதான். ஆனால் இன்றைக்கு 'இருந்தான்' என்று முடிந்தபோது கௌரிக்குச் சுருக்கென்றது. ஒரு மனிதனின் ஆறு வருஷத்தை ஏணி தூக்கினான் என்று இரண்டு வார்த்தையில் மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடப் பார்க்கிறாரே.

தேசப்பன் டெலிபோன் லைன்மேனாக இருந்தவர். கம்பிகளெல்லாம் இறக்கப்பட்டு, இனி ஏறுவதற்குக் கம்பமே இல்லை என்ற காலத்தில் ஓய்வு பெற்றார். மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தெருவில் அப்போது ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. தூரத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் ஆளுக்கொரு கேமராவை வாங்கித் தபாலில் அனுப்ப, இங்கிருந்த அப்பா அம்மாக்கள் அதைப் பிரிக்கக்கூடப் பயந்து பீரோ மேல் வைத்திருந்தார்கள். தேசப்பன் ஒவ்வொரு வீடாக ஏறி மாட்டினார். அந்த வீடுகளில் நெட் கிடையாது. அதனாலென்ன என்று தன் வீட்டு வைஃபை பெட்டியிலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார். மூன்று மாடிகளில் சிக்னலை வாங்கி நீட்டும் சின்னப் பெட்டிகளைச் சொருகினார். பதினோரு வீடு, ஒரே லைன்.

ஏணியைப் பிடித்தவள் கௌரி. மேலே இருப்பவன் என்ன செய்கிறான் என்று கீழே இருப்பவனுக்குக் கேட்க வேண்டும் என்பது அவருடைய லைன்மேன் புத்தி. ஆகவே ஒவ்வொரு அசைவையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்வார். "ஆஃப் பண்றேன்... முப்பது எண்ணு... செகப்பு வெளக்கு... பச்ச வந்துச்சு." கௌரி எண்ணுவாள். கூடவே, வாயை மூடிக்கொண்டு, கற்றுக்கொண்டாள். இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை ராஜேஷ் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவர். கேமராப் பேச்சு காதில் விழுந்ததும் தானாகவே எழுந்துபோய், பிடுங்கிக் கிடந்த பிளக்கைக் கண்டுபிடித்து வேறு இடத்தில் சொருகினார். அதோடு விட்டிருக்கலாம். உடனே வரவில்லையே என்று, ஒரு ஊக்கை எடுத்து வைஃபை பெட்டியின் பின்னால் இருந்த ஓட்டையில் குத்தினார். பெட்டி தன் பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் மறந்தது. அவர் புதிதாக ஒரு பெயர் வைத்தார். அவருடைய கைபேசியில் நெட் பறந்தது. கேமரா ஒன்றுகூட வரவில்லை.

"அத்த, ஒவ்வொரு வீடா ஏறி எல்லாத்தையும் புதுசா சேக்கணும். காரியம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மணி அடித்தது.

எதிர்வீட்டுக் கனிமொழி. பெங்களூரிலிருந்து. அவளுக்கு மட்டும் விஷயம் முன்பே தெரியும். காலையிலிருந்து அழுதிருக்கிறாள் என்பது குரலில் தெரிந்தது.

"பெரிம்மா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். மணி பதினொண்ணு ஆவப்போவுது. அம்மா மாத்திர போடல."

அவள் அம்மா கோவிந்தம்மாள் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷம். பேச்சில்லை. பார்த்துக்கொள்ளும் துர்கா வாயருகே எதைக் கொண்டுபோனாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கைபேசியைக் காதில் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வாள். சுவரில் இருக்கும் கேமராவிலிருந்து மகளின் குரல் வந்தால்தான் அந்தப் பக்கம் பார்த்து வாயைத் திறப்பாள். ஏன் என்று டாக்டருக்கே தெரியவில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரை, தவறக் கூடாது.

கௌரி தரையில் கை ஊன்றி எழுந்தாள்.

ஒப்பாரி நின்றது. "இன்னாம்மா இது?" என்றார் துளசிங்கம். "தலமாட்ட உட்டு எழுந்துக்கற? எடுக்கற வரைக்கும் நீ ஒக்காந்துனு இருக்கணும்."

"அவுரு போட்ட லைனு பாவா" என்றாள் கௌரி. "அவுரு வூட்ல இருக்கும்போதே அறுந்து கெடக்கக் கூடாது."

மகள் கவிதாவைத் தொட்டு, "நைனா கிட்ட நீ ஒக்காரு" என்றாள். கவிதா மறுபேச்சில்லாமல் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மாப்பிள்ளையும் மாமியாரும் எதிரெதிரே நின்று பேசியதில்லை. நடுவில் ஒரு கதவோ கவிதாவோ இருக்கும். இப்போது கௌரி நேராகப் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"மாப்ள, ஏணி எதுவும் வாணாம். பழைய பேரையே திருப்பி வைங்க. கம்பம் நாப்பத்தேழு. எல்லாம் இங்கிலீசு எழுத்து."

"பேரு மட்டும் போதுமா அத்த?"

"பேரும் பாஸ்வேர்டும் முன்ன இருந்த மாதிரியே இருந்தா அதுங்களா வந்து ஒட்டிக்கும்."

கனகம்மாசத்திரம் ரோட்டில் தேசப்பன் முதன்முதலாக ஏறிய கம்பத்தின் எண் அது. கடவுச்சொல்லை இங்கே எழுதுவது முறையல்ல, பதினோரு வீட்டுச் சமாச்சாரம். கூடத்தில் அவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதால் கௌரி, சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் காதருகே குனிந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். கம்மாபுரத்துச் சித்தி மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

ராஜேஷ் தட்டினார். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"எதுல வச்சீங்க? அஞ்சுலயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா அத்த. ஃபைவ் ஜிகாஹெர்ட்ஸ்தான் வேகம்."

"அஞ்சுல வச்சா கேமராவுக்குக் கண்ணு தெரியாது மாப்ள. ரெண்டு புள்ளி நாலுல வைங்க. மெதுவாப் போனாலும் செவுத்தத் தாண்டும்."

ராஜேஷ் மாற்றினார். கௌரி சுவர் சுவிட்சை அணைத்தாள். "ஆஃப் பண்றேன்" என்று தன்னையறியாமல் சத்தமாகவே சொன்னாள். முப்பது எண்ணினாள். கூடம் முழுவதும் அந்த முப்பதுக்கு அமைதியாக இருந்தது. போட்டாள். "செகப்பு" என்றாள். கொஞ்சம் கழித்து, "பச்ச."

"இனிமே தொடாதீங்க. ஒண்ணொண்ணா வரும்."

இரண்டு நிமிடம் ஆயிற்று. கைபேசியில் தேசப்பன் வைத்திருந்த பட்டியலில் முதலில் திலீப் வீடு உயிர் பெற்றது. பிறகு மூன்று சேர்ந்தாற்போல. பிறகு எதிர்வீட்டுத் திறந்த ஜன்னல் வழியாக, பந்தலைத் தாண்டி, கனிமொழியின் குரல் வந்தது. அழுத குரல் என்று தெரியாதபடி அவள் அதைத் துடைத்து வைத்திருந்தாள்.

"அம்மா, இங்க பாருங்க. ஆ காட்டுங்க. துர்கா, மொதல்ல அந்த வெள்ள மாத்திர."

சற்றுப் பொறுத்து, "முழுங்கிட்டீங்களா? அப்படித்தான்."

கௌரிக்குப் பெருமை என்றால் அப்படியொரு பெருமை. துக்க வீட்டில் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திரும்பி வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடி மேல் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. தாராளமாக அழுதாள்.

துளசிங்கம் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தினி வூடு?"

"பதினொண்ணு பாவா."

"எல்லாம் இவன் லைன்லயா?"

"ஆங்."

கொஞ்ச நேரத்தில் மணவூர் சம்பந்திகள் மாலையோடு வந்தார்கள். கௌரி குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "நம்ம தேசப்பன்" என்று ஆரம்பித்தார் துளசிங்கம். "பதினோரு வூட்டப் பாத்துகினு இருந்தான். உங்களுக்குத் தெரியாதில்ல?" தனக்கு மட்டும் ஆறு வருஷமாகத் தெரிந்திருந்த மாதிரி சொன்னார். கௌரி அதைத் திருத்தவில்லை.

மறுநாள் மலைமேல் முருகனுக்குக் கிருத்திகை. சாயங்காலமே ஊர் நிரம்பிவிடும், வண்டி நகராது என்று அன்றைக்கு மூன்று மணிக்கே எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரைதான். கௌரி கவிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பூ கொட்டிய பாதையில் நடந்தாள்.

முதல் வீட்டைத் தாண்டும்போது தலைக்கு மேல் மெல்லிய ஒரு உறுமல் அவளுடைய பழகிய காதில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாகத் திரும்பும் வகைக் கேமரா. பாடை போகும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். மேளச் சத்தத்தில் மற்றவர்கள் கவனிக்கவில்லை. அவர் தன் கையால் மாட்டியவை, அவர் போகப்போக ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பி வழியனுப்பின. அவற்றுக்குப் பின்னால் எந்தெந்த ஊரில் யார் யார் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். கூட்டம் அரக்கோணம் சாலையில் ஏறி மறைந்தது. மேளம் தூரத்துக்குப் போயிற்று. முனை வீட்டுக் கேமரா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாம்மா" என்றாள் கவிதா.

கௌரி வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். கேமராவும் அவளோடு திரும்பியது.