எட்டு மணிக் கதவு

...ஆக, பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கள்: நாயோடு ஒரு கிழவர், காதில் பாட்டை அடைத்துக்கொண்ட ஒரு செவிலி, சக்கரமில்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவன், அப்புறம் நான், இரவெல்லாம் கிடங்கில் பொட்டலம் பிரித்துவிட்டு வந்தவன், தூங்க வேண்டியவன், ஆனால் தூக்கம் எங்கே வரும், எட்டு மணிக்குச் சுரங்க ரயில் ஓட்டுநர் வேலைக்கான தேர்வு, எட்டானதும் வாசல் பூட்டப்படும் என்று அழைப்புக் கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள், தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம் அட்டைப்பெட்டிகள்தான்... ஒரு வருடம் கழித்து நான் மனிதனாக இருப்பேனா அல்லது நானே ஒரு அட்டைப்பெட்டியாகி முகவரி ஒட்டப்பட்டிருப்பேனா. பேருந்து வந்தது, கதவு திறந்தது, நான் அந்தப் பெரிய மஞ்சள் இரண்டடுக்கு வண்டியை, அதன் ஸ்டீயரிங்கை, ஓட்டுநரின் தடித்த முழங்கையை ஒரு கணம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். "ஏறப் போறியா, இல்ல அங்கேயே நின்னு என்னை ரசிக்கப் போறியா? எனக்கு வயசாகுது தலைவா." பெர்லினில் காலை வணக்கம் என்பது இதுதான். ஏறினேன், மேல் தளத்துக்கு ஓடினேன், முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தேன், மரக்கிளைகள் கண்ணாடியில் அடித்தன, ஒவ்வொரு திருப்பத்திலும் என் கை தானாகத் திரும்பியது... பக்கத்தில் உட்கார்ந்திருந்த செவிலி பார்த்தாள், பார்க்கட்டும்.

டெம்பல்ஹோஃப் நிலையத்தில் இறங்கி வளைய ரயில், நகரத்தைச் சுற்றிச்சுற்றி வரும் ரயில், போகிற இடமே இல்லாத ரயில், படிப்பை விட்ட குளிர்காலத்தில் நான் அதில்தான் வாழ்ந்தேன், கடைசித் தேர்வுக்குக் கிளம்பிய அன்று தொண்டை வலித்தது, இந்த ரயிலில் ஏறினேன், இறங்க வேண்டிய நிலையம் வந்தது, போனது, மறுபடி வந்தது, போனது, தொண்டை நிஜமாகவே வலித்ததா, சரி, அது கிடக்கட்டும். இன்று காலை அதே இருக்கை, ஆனால் நெஞ்சு குதிக்கிறது, தண்டவாளம் ஓடுவதை உடம்பு கேட்கிறது, இந்த இழுப்பு, இந்த நிறுத்தம், இதையெல்லாம் ஒருவன் கையால் செய்கிறான், அந்தக் கை என் கையாக இருக்கலாம்... நிலையத்தில் ரயில் நகரவில்லை. யாரோ தோழனுக்காகக் கதவை மறித்து நிற்கிறான். ஒலிபெருக்கியில் ஓட்டுநர் சலிப்பே இல்லாமல் சொன்னார்: "மூணாவது பெட்டியில கதவுல நிக்கிற அண்ணே, கதவு உங்களக் கட்டிப்பிடிக்க ஆசைப்படல. உள்ள போங்க, இல்ல வெளிய போங்க. ரெண்டும் எனக்குச் சந்தோஷம்." பெட்டி முழுக்கச் சிரித்தது, எனக்குக் கண் கலங்கியது, இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு நாள் நான் சொல்ல வேண்டும், வேறெதுவும் வேண்டாம். எதிரே இருந்த பெண்ணும் சிரித்தாள், அவள் மடியிலும் அதே அழைப்பு. "நீயும் எட்டு மணிக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "உன் மேல கிடங்கு வாசனை அடிக்குது. பரவால்ல, என் மேல குழந்தை வாந்தி. நான் வீப்கே." நான் ஃபால்கோ என்றேன். கதவை மறித்தவனால் நேரம் போய்விட்டது, இரண்டு பேரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தோம்.

இறங்கி ஓடினோம், டிராம் வாலைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது, நடைபாதையில் நின்றபடி ஓட்டும் வாடகை மின் ஸ்கூட்டர்கள் குடிகாரர்கள் மாதிரி விழுந்து கிடந்தன, கைபேசியைக் காட்டிக் காட்டி ஒவ்வொன்றாகத் திறக்கப் பார்த்தோம், ஒன்றில்தான் உயிர் இருந்தது. "ஏறு," என்றாள். இரண்டு பேர் ஏறக்கூடாதே என்றேன். "கிடங்குக்காரனுக்குச் சட்டமெல்லாம் தெரியுமா? ஏறுடா." ஏறினேன், அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், காற்று சட்டைக்குள் புகுந்து வீங்கியது, வேலைக்குப் போகிறவர்களின் முகங்கள், ரொட்டிக்கடை வாசனை, யாரோ ஒரு சைக்கிள்காரன் "சர்க்கஸ் எப்போ ஊருக்கு வந்துச்சு?" என்று கத்தினான், நான் பதிலுக்குக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, இத்தனை வருடத்தில் இவ்வளவு விழித்திருந்ததில்லை... பூங்காவுக்குள் நுழைந்ததும் ஸ்கூட்டர் தானாக ஆமையாகிவிட்டது, பூங்காவில் வாடகை வண்டியின் வேகத்தை நிறுவனமே குறைத்துவிடும், ஒரு வாத்து எங்களை முந்தியது, சத்தியமாக. போட்டுவிட்டு ஓடினோம். பூங்கா முடிந்தது, தெருவுக்கு அந்தப் பக்கம் செங்கல் கட்டடம், திறந்த கதவு, அதைப் பிடித்தபடி நீலச் சட்டை போட்ட ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நடுவில் ஒரே ஒரு தெரு, வண்டி ஒன்றுமில்லை, வெறும் தெரு, சிவப்பு விளக்கு.

தெரு விளிம்பில் ஒரு அப்பா, கையைப் பிடித்தபடி பள்ளிப்பையோடு ஒரு சின்னப் பெண். வீப்கே நிற்கவே இல்லை, ஓடினாள். "குழந்த பாக்குதுல்ல? அறிவு கெட்டவளே!" என்றார் அப்பா. என் வலது கால் சாலையில் இறங்கிவிட்டிருந்தது, அந்தச் சிறுமி என் காலைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தை, நான் காலை எடுத்து மேலே வைத்தேன். ஆளில்லாத தெருவில் சிவப்பில் நான் எத்தனை தடவை கடந்திருப்பேன், ஆனால் குழந்தை முன்னால் இல்லை, இந்த ஊரில் எந்தப் பொறுக்கியும் குழந்தை முன்னால் கடக்கமாட்டான். "அந்த அக்கா செவப்புல போயிட்டாங்க," என்றாள். பார்த்தேன் என்றேன். "நீங்க போகல." போகவில்லை என்றேன். "உங்களுக்கு அவசரமில்லையா?" அவசரம்தான், செத்துப்போகிற அவசரம், உடம்பு முழுக்க இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரே வீப்கே படியேறி உள்ளே போகிறாள், நீலச் சட்டைக்காரர் தெருவைத் தாண்டி என்னைப் பார்க்கிறார், காத்திருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம், கையை ஆட்டினால் போதும், ஒரு சத்தம் கொடுத்தால் போதும், ஏன் கொடுக்கவில்லை... சிவப்பில் நிற்கத் தெரிந்தவன்தானே அந்த வேலைக்கு வேண்டும், அப்படியென்றால் உள்ளே போக வேண்டியது நானா அவளா, நல்ல வாதம், சொல்லிப் பார்க்கலாம், ஆனால் வாதம் வருவதற்கு முன்னாலேயே எனக்குள் ஏதோ ஒன்று மூச்சு விட்டதே, அப்பாடா என்று, அது என்ன. பூங்காவை விட்டு வெளியே வந்ததும் நான் முதலில் பார்த்தது கதவையா, குழந்தையையா? குழந்தை இல்லாமல் இருந்திருந்தால் வேறு எதைப் பார்த்திருப்பேன்? "பச்ச வந்தாச்சு, போப்பா," என்றார் அந்த அப்பா, நான் இறங்கி ஓடினேன், நிஜமாகவே ஓடினேன், நடுத்தெருவில் இருக்கும்போது வீப்கேயின் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது, கண்ணாடி வழியாக நீலச் சட்டைக்காரரின் கை சாவியைத் திருப்புவது தெரிந்தது.