வெடிக்கு மூடாத மட்டி

ஏரிச் சிப்பியான மட்டி கிடந்த பேசினைச் சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு, நிலக்கரிச் சுரங்கத்தில் வைக்கும் வெடிக்காகக் காத்திருந்தாள் வளர்மதி. மந்தாரக்குப்பத்தில் அவர்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். தண்ணீருக்குள் மட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். மத்தியான வெடிக்குத் தரை அதிரும்போது படக்கென்று மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, ஆக்கலாம். மூடாதது செத்தது, கொட்டவேண்டியதுதான். போன மழைக்கு அவள் தம்பி, வெடிவரைக்கும் பொறுக்காமல் ஆக்கித் தின்றுவிட்டு, வாந்தியும் பேதியுமாக ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து இந்த விஷயத்தில் யார் பேச்சும் அவள் காதில் ஏறாது.

புருஷன் அன்புமணிக்கோ மட்டிக் குழம்பென்றால் போதும், பறப்பான். காலையில் ஏரியில் இறங்கித் தடவி எடுத்து வந்தவனே அவன்தான். சாப்பிட்டுவிட்டு செகண்ட் ஷிப்டுக்குச் சுரங்கத்தில் இறங்கவேண்டும்.

வெடி வந்தது. ஜன்னல் கடகடத்தது. அலமாரி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பேசினில் ஒன்றுகூட அசையவில்லை.

"எல்லாம் செத்ததுங்க. கொட்டிடறேன்."

"அடிப்போடி! இப்பத்தான் எடுத்தாந்தேன். என் வெரலையே கவ்வுச்சு."

பேசினைத் தூக்கக் குனிந்தாள். அப்போது மூடின. அத்தனையும், ஒரே நேரத்தில், சொல்லி வைத்த மாதிரி. அலமாரியில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை.

"பாத்தியா? உசுரு இருக்குது. அடுப்புல வை."

வளர்மதி கீழே உட்கார்ந்தாள். தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"வெடிதான் ஓஞ்சிடுச்சே. இப்ப எதுக்குங்க மூடுச்சு?"

"அதுங்ககிட்டயே கேளு."

கொதித்தால் தெரிந்துவிடும் என்று அடுப்பில் ஏற்றினாள். கொதிக்கிற தண்ணீரில் வாயைத் திறக்காத மட்டியை அவள் கண்டதேயில்லை. நுரை பொங்கி வழிந்தது. ஓடுகள் கடகடவென்று தட்டிக்கொண்டன. ஒன்றும் திறக்கவில்லை. பயந்த பிள்ளை கண்ணை இறுக்கிக்கொள்கிற மாதிரி மூடிக் கிடந்தன.

"ஏங்க, இன்னிக்கு ஷிப்டுக்குப் போவாதீங்க. எனக்குப் பயமா இருக்குது."

"காண்ட்ராக்டுகாரன் நாளைக்கே வேற ஆளை ஏத்திடுவான். அவங்கிட்ட என்னான்னு சொல்றது? மட்டி மூடிக்கினு இருக்குது, அதான் வரலன்னா?" வெறும் சோற்றில் ரசத்தை ஊற்றி அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தான். பூட்ஸை மாட்டினான். "வண்டிச் சாவி எங்கடி?"

சாவி அவள் கைக்குள் இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை வலித்தது. அவள் அடுப்பை அணைத்தாள். கொதி அடங்கியது. நுரை வற்றித் தண்ணீர் தெளிந்தது. ஓடுகள் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தன.

"சாவிடி!" என்று சிரித்தபடி கையை நீட்டிய அன்புமணி, அப்படியே நின்றான்.

அலமாரியில் டம்ளர்கள், வெடி எதுவும் இல்லாமலே, மெதுவாக, ஒன்றையொன்று தொடத் தொடங்கியிருந்தன.